உருவச் சிலையும் சாயல் என்னும் பிரச்சினையும்

ஒரு மனிதரின் முகத்தைக் கல்லிலோ வெண்கலத்திலோ நிலைநாட்டப் புகும் சிற்பி, தம் கண்ணுக்குப் புலனான உருவத்துக்குக் கடமைப்பட்டவரா, அவ்வுருவத்தின் உள்ளுறையும் குணத்துக்குக் கடமைப்பட்டவரா, அல்லது அம்மனிதரை உலகம் எவ்விதம் நினைவுகூர வேண்டுமென்று பொருள் கொடுத்துச் சிலை செய்விப்போர் கருதுகிறார்களோ அக்கருத்துக்குக் கடமைப்பட்டவரா என்னும் வினா மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய எழுத்தாளர் பிளினி, லிஸிப்பஸ் என்னும் கிரேக்கச் சிற்பியின் சகோதரரான லிஸிஸ்ட்ராடஸே மனித முகத்தின்மீது நேராகச் சாந்தைப் பூசி அச்செடுத்து, அவ்வச்சில் மெழுகை வார்த்துத் திருத்தும் முறையை முதன்முதற் கண்டவர் என்றும், அவருக்கு முற்பட்டோர் எவ்வளவு அழகாகச் செய்ய இயலுமோ அவ்வளவு அழகாகச் செய்வதையே நோக்கமாகக் கொண்டிருந்தனர் என்றும் எழுதிவைத்தார். பிற்காலத்தில் பெருங்கட்சிகளாகப் பிரிந்து வாதாடிய இரு கொள்கைகளும் இச்சிறு குறிப்பிலேயே எதிரெதிராக நிற்கின்றன.

வினாவைப் பொதுப்பட ஆராயப் புகுந்தால் அது தத்துவ விசாரமாகப் பரந்து பிடிபடாமற் போய்விடும். ஆகவே வாழ்நாள் முழுவதும் உருவச் சிலையையே தொழிலாகக் கொண்ட ஒருவரை நடுவில் நிறுத்தி, அவர் தொழிலில் இவ்வினா எங்கெங்கே தலைகாட்டிற்று என்று பார்ப்பதே தக்கதாகத் தோன்றுகிறது. அதற்கு இங்கிலாந்தின் சர் பிரான்ஸிஸ் சாண்ட்ரியைவிடப் பொருத்தமானவர் அரியர். கணக்கேடு, பென்சிற் சித்திரங்கள், சாந்து மாதிரிகள், முடிந்த சிலைகள் என்று தம் வேலையின் ஒவ்வொரு படிக்கும் சாட்சியம் விட்டுச்சென்றவர் அவர். சென்னைவாசிகளுக்கோ அவர் முற்றிலும் அந்நியருமல்லர். தீவுத்திடலில் குதிரைமேல் அமர்ந்திருக்கும் சர் தாமஸ் மன்றோ அவர் செய்த சிலையே.

தச்சர் மகன்

சாண்ட்ரி 1781ஆம் ஆண்டு ஷெபீல்டு நகரை அடுத்த நார்ட்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் தச்சுவேலையும் சிறு குத்தகை விவசாயமும் செய்தவர். மகனுக்குப் பன்னிரண்டு வயதாகும்போதே காலமாகிவிட்டார். சிறுவர் சில காலம் மளிகைக் கடையில் வேலை பார்த்தார். பின்னர் 1797இல் ஷெபீல்டில் மரச் செதுக்கும் தங்கப் பூச்சும் செய்துவந்த ராம்ஸே என்பவரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். ஒப்பந்த காலம் முடியுமுன்பே 50 பவுன் கொடுத்துத் தம்மை விடுவித்துக்கொண்டு, ஷெபீல்டில் படம் எழுதியும் லண்டனில் மரம் செதுக்கியும் பிழைத்தார். 1809இல் தம் உறவினளான மேரி ஆன் வேல் என்பாரை மணந்ததனால் கிடைத்த செல்வம், அவருக்கு ஒரு தொழிற்சாலையையும் கல் வாங்கும் சக்தியையும் அளித்தது. சிற்பிகளின் சரித்திரம் எழுதுவோர் மேதையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, இத்தகைய விஷயங்களை ஒரு வரியில் தாண்டிச் செல்கிறார்கள். சலவைக்கல்லின் விலையை அறிந்தவர்கள் அவ்விதம் தாண்டமாட்டார்கள்.

1811ஆம் ஆண்டு ராயல் அகாடமியின் கண்காட்சியில், சாண்ட்ரி செய்த, ஹார்ன் டூக் என்னும் முதிய அரசியல்வாதியின் மார்பளவுச் சிலை வைக்கப்பட்டது. அக்காலத்தில் அத்துறையில் முதல்வராயிருந்த நாலகன்ஸ், தம்முடைய சிலையொன்றை அகற்றி அவ்விடத்தில் இவ்விளைஞரின் சிலையை வைக்கச் சொன்னார் என்றொரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், அதன் பிறகு சாண்ட்ரிக்கு வேலை குறைவு என்பதே இல்லை. 1818இல் அகாடமியின் முழு உறுப்பினரானார். 1819இல் இத்தாலி சென்று சிற்பிகளான கனோவாவையும் தார்வால்ட்ஸனையும் கண்டார். 1822இல் ஒரு மார்பளவுச் சிலைக்கு அவர் பெற்ற ஊதியம் 200 கினி. நான்காம் ஜார்ஜ் அரசர் 300 கினிக்குக் குறையக் கொடுக்க இசையவில்லை. 1835இல் சர் பட்டம் வந்தது. 1841இல் இறந்தபோது, மனைவியின் காலத்துக்குப் பின் பிரிட்டனில் செய்யப்பட்ட கலைப்பொருள்களை நாட்டுக்காக வாங்குமாறு தம் செல்வத்தை எழுதிவைத்திருந்தார்.

அச்சும் அளவும்

சாயல் என்பது அளவே என்போர் முதற் கட்சியினர். முன்னோரின் மெழுகு முகங்களை இல்லத்தில் பேழையில் வைத்துக் காத்து, இறுதி ஊர்வலங்களில் அவற்றை அணிந்து சென்ற உரோமானியப் பெருங்குடிகளே இக்கொள்கையின் மூதாதையர் எனலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் இதனை ஒரு சாஸ்திரமாக்கியவர் பிரெஞ்சுச் சிற்பி ஊதோன். அவர் 1785 அக்டோபரில் அட்லாண்டிக் கடலைக் கடந்து மவுண்ட் வெர்னன் சென்று, ஜார்ஜ் வாஷிங்டனுடைய முகத்தின்மேல் சாந்து பூசி அச்செடுத்தார், உடலையும் அளந்துகொண்டார். சாண்ட்ரி இவ்வளவு தூரம் போகவில்லை. உல்லாஸ்டன் என்னும் விஞ்ஞானி கண்டுபிடித்த காமிரா லூசிடா என்னும் கருவியின் பட்டகத்தின் வழியே நோக்கினால், எதிரே இருப்பவரின் முகமும் கையடியில் உள்ள காகிதமும் ஒருங்கே தோன்றும். அக்கருவியைக் கொண்டு நேர்முகமாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என முகத்தைக் கோட்டுருவாக எழுதிக்கொள்வார். லண்டன் தேசிய உருவப்பட மண்டபத்தில் அச்சித்திரங்கள் பல இன்றும் உள்ளன. அவற்றை ஆதாரமாகக் கொண்டே களிமண் தலை எழும்பும்.

இக்கட்சியின் பலவீனம் அதன் கருவியிலேயே உள்ளது. சாந்து பூசுங்கால் கண்களை மூடவேண்டும். சுவாசத்துக்கு நாசியில் குழல் செருகவேண்டும். ஈரச் சாந்தின் பாரத்தால் கன்னம் சற்றே தாழும். ஆக, அச்சில் விழுவது உறங்குகின்ற மனிதரின் முகமேயன்றி விழித்து நம்மை நோக்கும் முகமன்று. ஊதோனே இதை நன்கறிந்தவர். கருமணியைக் குடைந்து, அக்குழியின் நடுவே ஒளித்துளிபோல் சிறு கல்லை விட்டுவைத்துக் கண்ணுக்கு உயிரூட்டும் அவருடைய பிரசித்திபெற்ற உபாயம் எந்த அச்சிலிருந்தும் கிடைத்ததன்று.

ஒரு தலைவர், நான்கு சிலைகள்

சிற்பி உள்ளதை உயர்த்திக் காட்டவேண்டும் என்பது இரண்டாவது கட்சி. பிளாரன்ஸ் நகரில் மெடிசி குடும்பத்தினரின் சமாதி மண்டபத்துக்காக மைக்கலாஞ்சலோ செய்த இரு பிரபுக்களின் சிலைகள் அவர்களைப்போல் இல்லையே என்று குறை கூறப்பட்டபோது, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் அதை யார் அறியப்போகிறார்கள் என்னும் கருத்தில் அவர் விடையிறுத்ததாக அவர் காலத்தவரான மார்ட்டெல்லி 1544இல் எழுதிய கடிதத்திலிருந்து தெரிகிறது. அகந்தை நிறைந்த விடையாயினும் அதனை மறுப்பது எளிதன்று. இங்கிலாந்தில் இக்கட்சிக்குச் சித்தாந்தம் வகுத்தவர் ஓவியர் சர் ஜோஷுவா ரேனால்ட்ஸ். ஓராண்டுகூட நிலையாத உடை நாகரிகத்தை, யுகக்கணக்கில் நிலைக்கும் கல்லில் பொறிப்பது பொருந்தாது என்று அவர் 1780இல் அகாடமி மாணவர்க்கு உபதேசித்தார்.

இவ்விவாதம் எவ்வாறு நடைமுறையில் முடிந்தது என்பதற்கு வாஷிங்டன் சிலைகளைவிட நல்ல உதாரணம் இல்லை. ஊதோன் சிலை செய்யத் தொடங்கியபோது, பண்டைய உடையைக் கண்மூடிப் பின்பற்றுவதினும் தற்கால உடைபக்கம் சிறிது சாய்வது நலம் என்னும் அபிப்பிராயத்தை வாஷிங்டனே வெகு விநயத்துடன் கடிதத்தில் தெரிவித்தார். அதன்படி, ரிச்மண்டு நகரில் 1796இல் நாட்டப்பட்ட சிலையில் அவர் தம் காலத்து இராணுவ உடையில், தம் உண்மை உயரத்திலேயே நிற்கிறார். வாஷிங்டனை ஒருநாளும் கண்டிராத கனோவா, வட கரோலினா ராஜ்யத்துக்காக அவரை உரோமானியச் சேனாதிபதியாக அமர்த்தினார். 1821இல் வந்து சேர்ந்த அச்சிலை பத்தாண்டுகளில் தீக்கிரையாயிற்று. பாஸ்டன் நகரத்தார் சாண்ட்ரியிடம் கேட்டபோது வாஷிங்டன் இறந்து பல ஆண்டுகள் சென்றிருந்தன. சாண்ட்ரி அவர்மேல் உரோமானியப் போர்வையை நினைவூட்டும் நீண்ட மேலங்கியொன்றைப் போர்த்தி, இரு கட்சியாருக்கும் இடம் வைத்து முடித்தார். இறுதியாக, அமெரிக்கக் காங்கிரஸ் செய்வித்து 1841இல் தலைநகர மண்டபத்தில் வைத்த சிலையில், கிரீனோ என்பவர் அத்தலைவரைக் கிரேக்கரின் தேவராஜனைப்போல் இடைக்கு மேல் ஆடையின்றி அரியணையில் அமர்த்தினார். மக்கள் பக்தியோடு வணங்குவார்கள் என்று சிற்பி எதிர்பார்த்தார். மக்களோ குளித்தெழுந்து துணி தேடுபவரைக் கண்டதுபோல் நகைத்தார்கள். இரண்டாண்டுகளில் சிலை மண்டபத்தைவிட்டு வெளியேற்றப்பட்டது.

இவற்றிலிருந்து இலட்சியக் கட்சி தோற்றது என்று முடிவுகட்டுவது அவசரமாகும். கிரீனோவின் சிலை தோற்றது இலட்சியத்தினாலா, அன்றி அந்த இலட்சியம் அம்மக்களுடையதாயில்லாமையாலா என்பது வேறு கேள்வி. சாண்ட்ரியின் மேலங்கியை விமரிசகர் சிலர் சாதுர்யம் என்பர். சிலர் கோழைத்தனம் என்பர். எவ்வுடையானாலும் பார்வை முகத்தைவிட்டு அகலலாகாது என்பதே அவர் கவலையாயிருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. எளிமையாகத் தொங்கும் பெரிய மடிப்புகள் கண்ணைத் தடுப்பதில்லை. பொத்தான்களும் சரிகையும் தடுக்கும்.

பேச்சின் நடுவே பிடிபட்ட முகம்

மூன்றாவது கட்சியினர் சாயலை அளவிலும் தேடாமல் அழகிலும் தேடாமல், குணம் வெளிப்படும் கணத்தில் தேடுகின்றனர். சாண்ட்ரியின் புகழ் பெரும்பாலும் இக்கட்சியினரின் நூல்களாலேயே வளர்ந்தது. 1820இல் சர் வால்டர் ஸ்காட்டின் சிலையை எடுத்தபோது, முதலில் கம்பீரமான, ஆழ்ந்த முகபாவம் ஒன்றைச் சிற்பி வகுத்திருந்தாராம். பின்னர், காலைச் சிற்றுண்டிக்கு அழைத்து, நண்பர்களோடு ஸ்காட் மனம்விட்டுக் கதை சொல்லிக்கொண்டிருக்கையில் தோன்றிய குறும்பு கலந்த முகத்தைக் கண்டு, முன்னதைக் கைவிட்டு இதனையே களிமண்ணில் பிடித்தார் என்று அவரது தொழிற்சாலையின் மேற்பார்வையாளராயிருந்த கவிஞர் ஆலன் கன்னிங்ஹாமின் வாயிலாக அறிகிறோம். ஸ்காட்டை அறிந்தோர் பலரும் அச்சிலையையே அவரது மிகச் சிறந்த பிரதிமையாகக் கொண்டாடினர்.

இக்கொள்கை உள்ளத்தைக் கவர்வது. ஆயினும் மிகுந்த எச்சரிக்கையோடு கையாளத்தக்கது. ஹெர்க்குலேனியம் இடிபாடுகளில் 1754இல் கிடைத்த வெண்கலத் தலையொன்று, கலைந்த மயிரும் குழிந்த கன்னமும் துயரந்தோய்ந்த விழியும் உடையது. அதே முகத்தின் சலவைக்கற் பிரதிகள் அதற்கும் முன்னரே தத்துவஞானி செனீகாவின் உருவமென்று போற்றப்பட்டு வந்தன. ஓவியர் ரூபன்ஸ் அத்தகைய பிரதியொன்றைத் தம் உடைமையாகவே வைத்திருந்தார். கற்றறிந்தோர் அம்முகத்தில் துறவையும், திடசித்தத்தையும், கொடுங்கோலனின் ஆணையால் உயிர் துறந்த ஞானியின் அமைதியையும் கண்டு உருகினார்கள். 1813இல் உரோமில் செனீகாவின் பெயர் பொறித்த தலை ஒன்று வெளிப்பட்டது. அதில் இருப்பவர் கொழுத்த கன்னமும் வழுக்கைத் தலையுமாக, வசதியான வணிகரைப்போல் காட்சியளிக்கிறார். அப்படியாயின், அத்தனை காலமும் வாசிக்கப்பட்ட குணம் கல்லில் இருந்ததா, வாசித்தவர் நெஞ்சில் இருந்ததா? ஸ்காட்டின் நாவல்களைப் படித்துச் சிரித்தவர்கள் அவரது சலவைக்கல் உதட்டில் சிரிப்பைக் காண்பதும் ஓரளவு இவ்வகையினதே ஆகலாம்.

எனினும் குணக் கட்சியினர் பக்கம் ஒரு நியாயம் எஞ்சியுள்ளது. அசையாது உட்காரவைத்த முகம் சலிப்பையே காட்டும் என்பது தொழில் செய்வோர் அனைவரும் அறிந்தது. உட்காருபவரைப் பேசவிட்டு, அப்பேச்சின் ஊடே முகத்தசைகள் எவ்வாறு தம் பழைய வழக்கத்துக்குத் திரும்புகின்றன என்று கவனிப்பது குணத்தை அறியும் வித்தையோ அன்றோ, கவனத்தின் ஒரு முறையாகவேனும் மதிக்கத்தக்கது.

காணாத முகம்

சிலைக்குரியவர் உயிரோடில்லாதபோது மூன்று கட்சிகளும் ஒருங்கே சங்கடத்துக்குள்ளாகின்றன. இங்கேதான் சென்னைச் சிலையின் முக்கியத்துவம் விளங்குகிறது. கவர்னர் மன்றோ 1827 ஜூலையில் பத்திகொண்டாவில் வாந்திபேதியால் இறந்தார். அதன்பின் எழுந்த நன்கொடை முயற்சியின் பயனாகச் சாண்ட்ரியிடம் சிலை செய்யும் வேலை வந்தது. 1839இல் அது சென்னையில் நிறுவப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மண்ணுக்குள் சென்ற முகத்துக்குச் சாட்சி சொல்ல, பார்த்தவர்களின் ஞாபகமும் ஓவியர் எழுதிய படமும் அன்றி வேறென்ன இருக்க முடியும்?

இச்சிலையைப் பற்றி நகரில் நெடுங்காலமாக வழங்கும் பேச்சோ முகத்தைப் பற்றியதன்று. மன்றோவுக்குச் சேணமும் அங்கவடியும் இல்லை. சிற்பி அவற்றை மறந்துவிட்டார், மறதியை உணர்ந்ததும் வெட்கத்தால் உயிரை மாய்த்துக்கொண்டார் என்று மக்கள் சொல்வதுண்டு. சாண்ட்ரி தம் அறுபதாவது வயதில் செல்வமும் சீரும் சூழ இறந்தவர் என்பதை விட்டுவிடுவோம். அவர் செய்த குதிரைவீரர் சிலைகள் மூன்று. இப்போது டிரபால்கர் சதுக்கத்தில் உள்ள நான்காம் ஜார்ஜுக்கும், லண்டன் ராயல் எக்ஸ்சேஞ்சு மாளிகை முன் நிற்கும் வெல்லிங்டனுக்கும்கூட அங்கவடி கிடையாது. மூன்று முறையும் ஒருவர் மறக்கமாட்டார். உரோமாபுரியின் மார்க்கஸ் அரேலியஸ் சிலையில் அங்கவடி இல்லாததற்குக் காரணம் அக்காலத்து உரோமானியர் அதனை அறியாமை. பின்வந்த சிற்பிகளுக்கு அதுவே மரபாயிற்று. ஆக, மறதி என்று நம்மவர் நகைக்கும் அம்சம், ரேனால்ட்ஸ் உபதேசித்த இலட்சியக் கட்சியின் எச்சமே. கலெக்டராகவும் படைத்தலைவராகவும் குதிரைமேல் ஊர் ஊராகச் சென்று நிலம் அளப்பித்த மன்றோ, அங்கவடியின்றி ஒருநாளும் சவாரி செய்திருக்கமாட்டார். ரயத்துவாரி முறையை நிறுவிய அதிகாரியை மாந்தர் நினைவில் நிறுத்த, அவரை உரோமச் சக்கரவர்த்தியின் பாங்கில் அமர்த்துவது எவ்வளவு பொருத்தம் என்ற கேள்வியை அப்பேச்சு, தன்னையறியாமலே, எழுப்பத்தான் செய்கிறது.

காணாத முகத்தைத் தேடிய பிற்காலத்தவருள் பிரெஞ்சுச் சிற்பி ரோதான் மிகத் தொலைவு சென்றவர். 1850இல் இறந்த பால்ஸாக்குக்குச் சிலை செய்ய ஒப்புக்கொண்ட அவர், அந்நாவலாசிரியரின் சொந்தப் பிரதேசமான தூரேனுக்குச் சென்று அதே ஜாடையுள்ள மனிதரைத் தேடினார். பழைய தையற்காரரைக் கண்டு பால்ஸாக்கின் அளவுக்கு உடை தைப்பித்தார். இத்தனை அளவும் சேகரித்த பிறகு, 1898இல் வெளிவந்த சிலை ஓர் அங்கிக்குள் மறைந்த உடலும் நிமிர்ந்த தலையுமாகவே இருந்தது. செய்வித்த எழுத்தாளர் சங்கத்தார் ஏற்க மறுத்தனர். பாரிஸ் வீதியில் அது வெண்கலமாக நின்றது 1939இல்தான்.

நம் நாட்டுக் கொள்கை

சாயலே வேண்டுவதில்லை என்னும் நான்காவது நிலை ஒன்றும் உண்டு. அது நம் நாட்டினது என்று சொல்லப்படுகிறது. தெய்வப் பிரதிமை லட்சணக் குறைவுடையதாயினும் நன்மை தரும், மானிடப் பிரதிமை லட்சணம் நிறைந்ததாயினும் நன்மை தராது என்ற கருத்து சுக்கிரநீதியில் காணப்படுவதை ஆனந்த குமாரசாமி முதலியோர் எடுத்துக்காட்டி, இந்தியச் சிற்பி தனிமனிதரின் அங்க அடையாளத்தை விரும்பவில்லை என்று வாதித்தனர். அந்நூலின் காலம் பற்றி ஒருமித்த கருத்தில்லை. அதனை 19ஆம் நூற்றாண்டு வரை கீழிறக்குவோரும் உளர். ஆகவே அதன்மேல் மட்டும் பெருஞ்சுமையை ஏற்றுவதற்கில்லை. மேலும், மாமல்லபுரத்து ஆதிவராகர் குகையில் பல்லவ அரசர் இருவரும், திருமலையில் கிருஷ்ணதேவராயரும் தேவியர் இருவரும், மதுரைப் புதுமண்டபத்தில் நாயக்க மன்னரும் சிலைகளாக நிற்கின்றனர். இவற்றிற் சிலவற்றில் ஆளை அறிவிப்பது முகமன்று, பொறிக்கப்பட்ட பெயரே. ஆதிவராகர் குகையிலோ பெயர் இருந்தும் வழக்குத் தீரவில்லை. அங்கே குறிக்கப்பட்ட சிம்மவிஷ்ணுவும் மகேந்திரனும் எவரெவர் என்று சரித்திர ஆராய்ச்சியாளர் இன்றும் மாறுபடுகின்றனர். இந்நிலையை இலட்சியக் கட்சியோடு ஒன்றாக எண்ணுவது தவறு. ரேனால்ட்ஸ் முகத்தை உயர்த்த நினைத்தார். இவர்கள் அரசனென்னும் பதவியை உருவாக்கினார்கள்.

யாருடைய கை?

இதுவரை கூறிய வாதங்கள் யாவும், சிலையைச் செய்தவர் ஒருவர் என்னும் அனுமானத்தின்மேல் நிற்பவை. சாண்ட்ரியின் தொழிற்சாலை அதற்கு இடங்கொடுக்கவில்லை. அவர் கையால் எழுந்தது பெரும்பாலும் கோட்டுருவும், களிமண் தலையின் இறுதித் திருத்தமுமே. சாந்தில் வார்ப்போர் வேறு. புள்ளிக் கருவியால் அளவெடுத்துக் கல்லைக் குடைவோர் வேறு. வெண்கலம் உருக்குவோர் வேறு. லிச்பீல்டு தேவாலயத்தில் 1817 முதல் உள்ள, உறங்கும் இரு குழந்தைகளின் சிற்பம் அவருக்கு அளவற்ற புகழ் தந்தபோதே, அதன் அமைப்பு ஓவியர் ஸ்டாதார்டுடையது என்ற ஆக்ஷேபமும் எழுந்தது. கன்னிங்ஹாம் அதை வன்மையாக மறுத்தார். சம்பளம் பெற்றவரின் சாட்சியம் என்று அதனை ஒதுக்குவாரும் உண்டு. 1814 முதல் சிற்பியின் மரணம் வரை அருகிருந்தவரின் சாட்சியம் என்று மதிப்பாரும் உண்டு.

கணக்கேடு அச்சாகி வெளிவந்த பின் இவ்வழக்கு ஓரளவு தெளிந்தது. எவர் எப்போது எச்சிலை கேட்டார், என்ன கொடுத்தார் என்பவை ஐயமற விளங்கின. ஆனால் எந்த உளி எவர் கையில் இருந்தது என்பதைக் கணக்கேடு எப்படிச் சொல்லும்? சாந்து மாதிரிகள் அதற்கு உதவக்கூடும். சாண்ட்ரியின் மனைவியார் அவற்றை ஆக்ஸ்போர்டுக்கு அளித்தார். 20ஆம் நூற்றாண்டில் இட நெருக்கடியின் பொருட்டு முழு உருவ மாதிரிகள் பலவற்றின் தலைகள் மட்டும் அறுத்து வைத்துக்கொள்ளப்பட்டு உடல்கள் அழிக்கப்பட்டன. முகமே சிற்பம், மற்றது உடை என்னும் தீர்ப்பு அச்செயலில் அடங்கியிருக்கிறது. எஞ்சிய தலைகளைக் காமிரா லூசிடாச் சித்திரங்களோடும் முடிந்த சலவைக்கல்லோடும் வரிசையாக ஒப்பிட்டால், உயிரோடு உட்கார்ந்தவர்கள் விஷயத்தில் எந்தப் படியில் எது மாறிற்று என்று கூற இயலும். அம்மட்டில் சாயல் என்பது விசாரிக்கத்தக்க பொருளாகும். இறந்தோர் விஷயத்தில் அவ்வழி அடைபட்டிருக்கிறது. உடைகளையும் தோரணைகளையும் பற்றிச் சாண்ட்ரி கொண்டிருந்த கருத்தை அறிய வேண்டிய உடல்களோ போய்விட்டன.

வெல்லிங்டன் சிலை இவ்வினாக்கள் அனைத்தையும் ஒருங்கே கொண்டது. சாண்ட்ரி இறக்கும்போது அது முடியவில்லை. உதவியாளரான ஹென்றி வீக்ஸ் முடித்தார். 1844இல், வெல்லிங்டன் பிரபு உயிரோடிருக்கும்போதே, அது திறந்துவைக்கப்பட்டது. அவர் முகத்தை அறிந்தோர் ஆயிரக்கணக்கில் இருந்தமையால் சாயலைப் பற்றி அன்று எவரும் தீர்ப்புச் சொல்லியிருக்கலாம். அதனைச் சாண்ட்ரியின் படைப்பு என்றே நூல்கள் குறிக்கின்றன. வீக்ஸின் பெயரைச் சில நூல்கள் சேர்க்கின்றன, சில சேர்ப்பதில்லை.